இரண்டாவது கியரின் உதை

சகாயம்,

உன் கூட்டாளி ராஜேஷ் வீட்டு வைக்கோல் போருக்குள் நீ செருகிவைத்துவிட்டுப் போன அரிவாள் இப்போது இல்லை. மாட்டுக்கு வைக்கோல் உருவும்போது அவன் அம்மாவின் கையில் அது தட்டுப்பட்டிருக்கிறது. பயந்துபோய், பழைய சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறி என்னிடம் வந்து கொடுத்தாள். அப்போது உன் அப்பா மாதா கோயிலில் பூசையில் இருந்தார். நான் பட்டறையைத் திறந்து கிரைண்டரைப் போட்டு, அதைத் துண்டு துண்டாக வெட்டிப் பழைய இரும்புக் குவியலுக்குள் எறிந்தேன். பொறி பறந்து முழங்கையில் சுட்டது. நல்ல இரும்பு, ஜல்தியில் வெட்டுப்படவில்லை. அதை எங்கே வாங்கினாய் என்று நான் கேட்கப்போவதில்லை. யாருக்காக வாங்கினாய் என்பது எனக்குத் தெரியும். மறுநாள் ராஜேஷே வந்து தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: “கல்யாணம் முடிஞ்ச மறுவாரம் காணைக்கு ஒரு தபா போய்ட்டு வர்லாம்னான்மா. கொமரன் எந்நேரம் எங்க இருக்கறான்னு பாத்து வைன்னான். நான் வாய மூடிக்கினு இருந்துட்டேன்.”

போனில் இதையெல்லாம் பேச முடியாது. குமரன் பெயரை எடுத்தாலே நீ இணைப்பைத் துண்டித்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். அடுத்த மாதம் உன் கல்யாணத்துக்குப் புனேயிலிருந்து நீ கிளம்பி வருவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும். கோபப்படாதே என்று உனக்கு உபதேசம் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. என் குடும்பத்தில் அடிக்கத் தெரியாதவர்கள் என்று யாரும் கிடையாது. உன் பெரிய மாமாவைப் பற்றி உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். கெடாரில் போர்வெல் தண்ணீர்த் தகராறில் பக்கத்து நிலத்துக்காரரைக் கரும்புத் தோட்டத்துக்குள்ளேயே வெட்டிவிட்டு அவன் வீட்டுக்கு வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த பெண். சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்து, “தொவச்சிப் போடு”என்றான். துவைத்தேன். வெந்நீர் ஊற்றினேன், கறை இன்னும் நன்றாகப் பிடித்துக்கொண்டது. ஜெயிலிலிருந்து அவன் திரும்பி வந்தபோது அவனுடைய மகள் வயசுக்கு வந்திருந்தாள். அப்பா என்று அவள் அவனைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. “அவர்”என்றுதான் சொல்வாள். “அவர் சாப்ட்டாரா?”“அவர் எங்க?”சாகும்வரை அவன் அந்த வீட்டில் ஒரு விருந்தாளியைப்போலத்தான் உட்கார்ந்திருந்தான். ஸ்டெல்லாவின் வீட்டில் உன்னைப் பற்றி விசாரித்தபோது இந்த மாமாவைப் பற்றியும் கேட்டார்கள். நான் மறைக்காமல் சொன்னேன். அதற்குப் பிறகும் பெண் கொடுக்கிறோம் என்றார்கள்.

இனி அந்த ஜீப் விஷயம். நடந்ததில் உனக்குத் தெரிந்தது பாதிதான். மீதி நீ ஊரை விட்டுப் போன பிறகு நடந்தது. முழுவதையும் வரிசையாகச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்த பகுதியையும் என் கண்ணால் ஒருமுறை பார்.

மஸ்கட்டில் கற்றுக்கொண்ட வேலையை நம்பித்தான் உன் அப்பா திண்டிவனத்தில் அந்தப் பட்டறையைப் போட்டார். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைத் திறந்து பார்க்கும் ஆள் இந்தப் பக்கம் அப்போது இல்லை. அவர் அழுத்தக் கருவியின் முள்ளைப் பார்க்க வேண்டும், அதே நேரத்தில் இன்னொருவர் வண்டியை ஓட்ட வேண்டும். அதற்காகவே எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். உன்னை வயிற்றில் சுமந்துகொண்டே எத்தனையோ வண்டிகளை விக்கிரவாண்டி வரைக்கும் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அந்தக் கியர் பெட்டிக்குள் எண்ணெயின் அழுத்தத்தில்தான் கியர் மாறுகிறது. அழுத்தம் குறைந்தால் கியர் வழுக்கிக்கொண்டு மாறும், உள்ளே தட்டுகள் கருகும். கூடினால் பட்டென்று பிடிக்கும், வண்டி உதைக்கும். அந்த உதையைத் தாங்கிக்கொள்ள உள்ளே சில ஸ்பிரிங்குகள் உண்டு. வெளியே ஒரு கேபிளும் அதைக் கூட்டிக் குறைக்க ஒரு நட்டும் உண்டு. எனக்கு இதெல்லாம் பார்த்துத் தெரிந்துகொண்டதல்ல, முதுகால் தெரிந்துகொண்டது. ஒன்றிலிருந்து இரண்டாவது கியருக்கு மாறும்போது முதுகில் எப்படித் தெரிகிறது என்று நான் சொல்வேன், முள் எங்கே நிற்கிறது என்று அவர் சொல்வார், இரண்டையும் சேர்த்து அவர் ஒரு முடிவுக்கு வருவார். சமயத்தில் சண்டையும் வரும். “மெத்துன்னு இருக்குது”என்பேன். “உனுக்கு எல்லாமே மெத்துன்னுதான் இருக்கும், நீ கட்டவண்டியில பொறந்தவ”என்பார்.

காணையிலிருந்து வேல்முருகன் தன் ஜீப்பைக் கொண்டுவந்தபோது நீயும்தான் இருந்தாய். பழைய ஜீப் உடம்பு, அதற்குள் எங்கிருந்தோ வாங்கிய ஜப்பான் டீசல் இன்ஜின், அதன் கூடவே வந்த ஆட்டோமேட்டிக் பெட்டி. சேற்றுப் பந்தயத்துக்குப் போகிறவன். உன் அப்பா அதைச் சரியாக வைத்துக் கொடுத்தார். நான் ஓட்டினேன், இரண்டாவது கியர் விழும்போது தோளில் ஒரு தட்டு தட்டியது போல இருந்தது. வேல்முருகனுக்கு அது போதவில்லை. “இன்னாண்ணே, தூங்க வெக்கறதுக்கு தட்டிக் குடுக்கற மாரி இருக்குது. ஒதைக்கணும்ணே. ஒக்காந்திருக்கறவன் தல பின்னால போய் சீட்ல மோதணும்”என்றான். உன் அப்பா முடியாது என்றார். “பொட்டி தாங்கும் வேலு. பின்னால போற புரொப்பல்லர் தண்டு பழைய ஜீப்போடது. அதோட ஜாயிண்டு தாங்காது. அது வுட்டுச்சுன்னா உன் காலுக்குப் பக்கத்துலதான் வுடும்.”அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

அடுத்த வாரம் நாங்கள் இரண்டு பேரும் விழுப்புரத்துக்கு ஒரு துக்கத்துக்குப் போயிருந்தபோது அவன் திரும்பி வந்ததும், நீ எண்ணெயை வடித்துப் பெட்டியின் அடியைத் திறந்ததும், ஸ்பிரிங்குகள் அமுங்காதபடி உள்ளே இரும்புக் குழாய்த் துண்டுகளை வைத்ததும், கேபிள் நட்டை இறுக்கியதும் எங்களுக்கு அப்போது தெரியாது. அவன் கெடார் ரோட்டில் முழு வேகத்தில் போகும்போது ஜாயிண்டு உடைந்தது. தண்டு சுழன்றுகொண்டே தரைத் தகட்டைக் கிழித்து மேலே வந்து, அவனுடைய இடது காலைக் கணுக்காலுக்கு மேலே நசுக்கிவிட்டது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் மதியம் அவர்கள் வந்தார்கள். ஒரு லோடு வண்டியில் ஏழெட்டுப் பேர். நான் பின்னால் வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். உன் அப்பா ஒரு காருக்கு அடியில் படுத்திருந்தார். அவருடைய இரண்டு கால்களையும் பிடித்து வெளியே இழுத்த சத்தம்தான் முதலில் கேட்டது. பிறகு வேல்முருகனின் தம்பி குமரனின் குரல். “எங்கண்ணன் கால எடுத்தவன் எவன்டா?”ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒருவன் கம்பியால் விளக்குகளை உடைத்துக்கொண்டு வந்தான். ஒருவன் சுவரில் மாட்டியிருந்த ரப்பர் குழாய்களை அறுத்தான். இரண்டு பேர் உன் அப்பாவைத் தூக்கி மேசையின் மேல் சாய்த்தார்கள். “கைதானே பண்ணுச்சு. அந்தக் கைய குடு”என்று சொல்லி, குமரன் அவருடைய வலது கையை, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸின் வாய்க்குள் திணித்துக் கைப்பிடியைச் சுற்றினான். உன் அப்பா கத்தவில்லை. மூச்சை உள்ளே இழுத்தார், அவ்வளவுதான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

பட்டறை மூலையிலிருந்து நீ அப்போது சொன்னதை நான் மறக்கவே மாட்டேன். “அவர வுடுங்க. நாந்தான் பண்ணேன். இவருக்கு ஒண்ணுந் தெரியாது”என்றாய். ஓடிப் போயிருக்கலாம், போகவில்லை. அந்த நிலையிலும் உன் அப்பா தலையைத் தூக்கி, “புள்ள பொய் சொல்றான். அவனுக்கு அந்த வேலையே தெரியாது. நாந்தான் பண்ணேன்”என்றார். உன் வேலையை அவர் மட்டம் தட்டிப் பேசியது அன்று ஒரு நாள்தான். குமரனுக்கு யாரை நம்புவதென்று தெரியவில்லை. “அப்ப ரெண்டு பேருமே”என்று உன் முகத்தில் கம்பியால் அடித்தான். உன் கடைவாய்ப் பல் தெறித்து என் வாசற்படியில் வந்து விழுந்தது.

நான் வடிகஞ்சிப் பானையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை, சோற்றுப் பானையோடு வருகிற பொம்பளையை யார் தடுப்பார்கள்? குமரனின் பின்னால் நின்று, அவன் கழுத்திலிருந்து முதுகு வரைக்கும் முழுவதையும் கவிழ்த்தேன். தெரியாமல் கை தவறவில்லை. எங்கே ஊற்ற வேண்டும் என்று பார்த்துத்தான் ஊற்றினேன். அவன் போட்ட சத்தத்தில் மற்றவர்கள் நின்றுவிட்டார்கள். சட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே ஓடினான், அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வண்டி கிளம்பிவிட்டது. பிறகு பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். “செஞ்சதுக்கு மனஸ்தாபப்படறியாம்மா?”என்று சாமியார் கேட்டார். இல்லை சாமி என்றேன். அப்படியானால் இன்னொரு நாள் வா என்று அனுப்பிவிட்டார்.

அவர்கள் போன பிறகு நடந்ததைப் பற்றித்தான் நீ இதுவரை யாரிடமும் பேசியதில்லை. நீ ஓடிவந்து வைஸின் கைப்பிடியைப் பிடித்தாய். வாயிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. தவறான பக்கம் சுற்றிவிட்டாய். அரைச் சுற்று. அப்போதுதான் உன் அப்பா முதல்முறையாகக் கத்தினார். அந்த அரைச் சுற்று உன்னை விடவில்லை என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நீ அவர் கையை ஏறிட்டுப் பார்த்ததே இல்லை. சாப்பிடும்போது அவர் இடது கையால் சோற்றைப் பிசைந்தால் எழுந்து போய்விடுவாய். எலும்பு டாக்டரிடம் நான் தனியாகக் கேட்டேன். முதல் இறுக்கிலேயே மூன்று விரல்கள் நொறுங்கிவிட்டன, அதற்கு மேல் கெட என்ன இருந்தது என்றார். இதை உன்னிடம் சொல்ல ஒரு வேளை பார்த்துக்கொண்டே இருந்தேன், நீ ஊரை விட்டே போய்விட்டாய். ஒன்று மட்டும் கேட்டுக்கொள். குமரனை நீ எத்தனை துண்டாக வெட்டினாலும் அந்த அரைச் சுற்று திரும்பி வராது. அது உன் கையிலேயேதான் இருக்கும். கூடவே அவன் ரத்தமும் இருக்கும்.

நீ போன பிறகு பட்டறை கிட்டத்தட்ட மூடியே கிடந்தது. ஒரு நாள் முற்பகலில் அந்த ஜீப் சத்தம் கேட்டது. எனக்குத் தெரியாத சத்தமா? இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறும்போது நம் தெருமுனையில் ‘டொக்’என்று உதைத்தது. வேல்முருகனே ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். பக்கத்தில் குமரன். நான் கீழே கிடந்த பெரிய நட்டு ஒன்றை எடுத்து எறிந்தேன். முன் கண்ணாடி குறுக்கே வெடித்தது. வேல்முருகன் அசையவில்லை. “அடிங்க அண்ணி. அடிச்சிட்டு அண்ணன கூப்புடுங்க”என்றான். கதவைத் திறந்து, கட்டைக்காலை இரண்டு கையாலும் தூக்கி வெளியே வைத்து இறங்கினான். கால்சட்டையின் முழங்காலுக்குக் கீழே ரத்தம் கசிந்திருந்தது. “எடது கால் இல்லாதவன் கிளட்ச் வண்டி ஓட்ட முடியாது. எனக்கு இந்த வண்டி ஒண்ணுதான். தண்ட புதுசா தடிமனா போட்டாச்சு. ஆனா ஒவ்வொரு கியருக்கும் ஒதைக்குது அண்ணி. அறுத்த எடத்துல இந்தக் கால் போய் இடிக்குது. மெட்ராஸ்ல கேட்டா பொட்டியவே மாத்தணும்ங்கறாங்க.”

“ஒங்க ரெண்டு பேருக்கும் வெக்கமே இல்லியா?”என்று கேட்டேன். குமரன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதற்குள் உன் அப்பா வெளியே வந்துவிட்டார். ஜீப்பைச் சுற்றி வந்தார், குனிந்து அடியில் பார்த்தார், “உள்ள கொண்டாந்து வுடு”என்றார். எங்களுக்குள் அன்று நடந்த சண்டை கல்யாணமானதிலிருந்து நடக்காத சண்டை. தட்டை எடுத்துச் சுவரில் அடித்தேன். “நம்ம பட்டறையிலேருந்து போன வண்டி. நம்ம கையாலதான் கெட்டுது. நம்ம கையாலதான் சரி பண்ணணும்”என்றார். “ஒங்களுக்குக் கை எங்க இருக்குது?”என்று கேட்டுவிட்டேன். அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த விரல்களால் சின்ன நட்டு ஒன்றைக்கூடப் பிடிக்க முடியாது. பிறகு குமரனைப் பார்த்து, “சட்டைய கழட்டிட்டு வா. நான் சொல்றேன், நீ பண்ணு”என்றார்.

சட்டையைக் கழற்றிய பிறகு அவன் முதுகைப் பார்த்தேன். கழுத்திலிருந்து தோள்பட்டை வரைக்கும் தோல் சுருங்கி, வெளுத்துப் பளபளவென்று இருந்தது. உன் அப்பா இடது கையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு சொல்லச் சொல்ல, அவன் எண்ணெயில் நனைந்துகொண்டே அடித்தட்டைக் கழற்றினான். நீ வைத்திருந்த குழாய்த் துண்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. உன் அப்பா ஒன்றைத் துடைத்து என்னிடம் காட்டி, “எவ்ளோ அளவா வெட்டியிருக்கறான் பாரு”என்றார். அந்த இடத்தில் அவருக்கு அதுதான் தோன்றியது. ஸ்பிரிங்குகளைப் பழையபடி அமுங்க விட்டு, மூடி, புது எண்ணெய் ஊற்றி முடிக்கச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. அவர்களுக்கு நான் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

பிறகு அழுத்தம் பார்க்க வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு, ட்ரைவில் போட்டு, இடது காலால் பிரேக்கை முழுதாக மிதித்துக்கொண்டு, வலது காலால் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுக்க வேண்டும். முள்ளை வண்டிக்குள் உட்கார்ந்தே பார்க்க உதவும் நம் நீளக் குழாயை அன்று அந்த அடிதடியில் அறுத்துப் போட்டுவிட்டார்கள், மாற்றவில்லை. சின்னக் குழாய்தான் இருந்தது. அதனால் யாராவது அடியில் படுத்து முள்ளைப் படித்துச் சொல்ல வேண்டும். ஒட்டுப்போட்டுச் செய்த வண்டியாதலால் கேபிளின் நட்டும் அடியில் பெட்டியின் பக்கவாட்டில்தான் இருந்தது. உன் அப்பா படுக்கப் போனார். “நீங்க வாணாம், நான் படுக்கறேன்”என்று குமரன் உள்ளே புகுந்துவிட்டான். சக்கரங்களுக்குக் கட்டை வைத்திருந்தது. அந்த இன்ஜின் நினைத்தால் அந்தக் கட்டையை ஏறித் தாண்டும் என்று எனக்கும் தெரியும், உன் அப்பாவுக்கும் தெரியும். “ஏறு”என்றார் என்னிடம்.

ஏறி உட்கார்ந்தேன். ட்ரைவில் போட்டேன். வண்டி ஒருமுறை முன்னால் தள்ளி நின்றது. பிரேக்கில் என் இடது கால். வலது காலைக் கொடுத்தேன், வண்டி முழுவதும் திமிறியது. பின் சக்கரத்துக்கு நேராக அவன் மார்பு இருந்தது. படுக்கும்போது பார்த்துவைத்திருந்தேன். இடது காலை எடுத்தால் போதும். வழுக்கிவிட்டது என்று சொன்னால் யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. உன் பல் என் படியில் விழுந்த சத்தம், உன் அப்பா மூச்சை இழுத்த சத்தம், எல்லாம் அந்த இன்ஜின் இரைச்சலுக்குள் கேட்டது. என் கால் மிதியிலிருந்து கொஞ்சம் எழும்பியது, சகாயம். கட்டை முனகியது. உன் அப்பா முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அடியிலிருந்து குமரன் சொன்னான்: “அண்ணி, முள்ளு மேல போய்க்கினே இருக்குது அண்ணி.”

ஏன் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியாது. இரக்கம் என்று சொன்னால் பொய். உன் முகம் வந்தது என்று சொன்னாலும் பொய், எந்த முகமும் வரவில்லை. பிரேக்கை மறுபடி முழுதாக மிதித்துக்கொண்டே இருந்தேன். உன் அப்பா “போதும், நியூட்ரல்”என்றார். இறங்கி, ஜீப்பைச் சுற்றிப் பின் சக்கரத்துப் பக்கம் போனேன். குமரன் வெளியே வந்து உட்கார்ந்திருந்தான். அவனிடம் நேராகச் சொன்னேன்: “நீ அடியில கெடக்கும்போது என் கால எடுத்துடப் பாத்தேன்.”அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னான்: “தெரியும் அண்ணி. தெரிஞ்சுதான் படுத்தேன்.”

“ஜல்தி ஏறுங்க, எண்ண சூடா இருக்கறப்பவே ஓட்டிப் பாக்கணும்”என்று உன் அப்பா அவசரப்படுத்தினார். நான் ஓட்டினேன், வேல்முருகன் பக்கத்தில், மற்ற இருவரும் பின்னால். விழுப்புரம் போகும் பெரிய ரோட்டில் ஏறினோம். முதுகில் தெரிவதைப் பார்க்காமல் வேல்முருகனின் தாடையைப் பார்த்து ஓட்டினேன். இரண்டாவது கியர் விழும்போதெல்லாம் அது இறுகியது. ஓரம் கட்டினேன். குமரன் அடியில் புகுந்து நட்டைக் கால் சுற்று தளர்த்தினான். திரும்ப ஓட்டம். திரும்ப ஓரம். ரோட்டோரத்தில் மல்லாட்டைக் கடலை காயவைத்துக்கொண்டிருந்த பொம்பளைகள் இந்தக் கூத்தை வேடிக்கை பார்த்தார்கள். விக்கிரவாண்டிக்குக் கிட்டத்தில் உன் அப்பா, “இதுக்கு மேல தளத்த வாணாம் வேலு. ஒரேடியா மெத்துன்னு வெச்சா உள்ள வழுக்கிக்கினு பிளேட்டு கருகிடும். மாறுதுன்னு கொஞ்சம் தெரியத்தான் செய்யும்”என்றார். வேல்முருகன் காலைத் தடவிக்கொண்டு, “இது தாங்கும்ணே”என்றான்.

அப்போதுதான் அவன் உன்னைப் பற்றிச் சொன்னான். “ஒங்க பையன் மொதல்ல மாட்டேன்னுதான் சொன்னான் அண்ணி. நாந்தான் வெறுப்பேத்துனேன். ஒங்கப்பனுக்குத்தான் பயம், ஒனக்குமான்னு கேட்டேன். அதுக்கப்புறந்தான் ஸ்பேனர எடுத்தான்.”பின்சீட்டில் குமரன் நிமிர்ந்தான். “இத ஏன்ணா அன்னிக்கே சொல்லல?”“அன்னிக்கு எனக்கு நெனவு எங்கடா இருந்துச்சு? கண்ணு முழிச்சப்ப நீ எல்லாத்தையும் முடிச்சிட்டு வந்து, முதுகுல கட்டோட நின்னுக்கினு இருந்த.”குமரன் வண்டியை நிறுத்தச் சொன்னான். இறங்கிப் போய் ஜீப்பின் பக்கத் தகட்டில் வலது கையால் குத்தத் தொடங்கினான். தகடு நசுங்கியது, முட்டியில் தோல் கிழிந்தது, நிறுத்தவில்லை. நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவன் கை உடையட்டும் என்றுதான் நினைத்தேன். உன் அப்பாதான் இறங்கி, இடது கையால் அவன் பிடரியைப் பிடித்து இழுத்துச் சீட்டில் தள்ளினார். “பேஜாரு பண்ணாத. ஒக்காரு. வண்டி போவணும்”என்றார்.

இவ்வளவுதான் நடந்தது. நாங்கள் சமாதானமாகிவிட்டோம் என்று நினைக்காதே. அவனை உன் கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை, கூப்பிடவும் மாட்டேன். ராத்திரியில் உன் அப்பா கை வலியில் புரளும்போது இன்றைக்கும் அவனைச் சபிக்கிறேன். ஆனால் அந்த மிதியின் மேல் என் கால் இருந்த நேரத்தில் உனக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு முழுதாகத் தெரிந்துவிட்டது. அதனால் ‘உனக்கு என்ன தெரியும்’ என்று மட்டும் என்னிடம் சொல்லிவிடாதே.

கேட்பது ஒன்றுதான். நீ காணைக்குப் போகலாம் என்று ராஜேஷிடம் சொன்ன அதே வாரத்தில் விழுப்புரம் கோர்ட்டில் இரண்டு கேஸுக்கும் சேர்த்து வாய்தா இருக்கிறது. நாம் அவர்கள் மேல் கொடுத்தது ஒன்று, அவர்கள் நம் மேல் கொடுத்தது ஒன்று. ஸ்பிரிங்கை அடைத்ததும் நட்டை இறுக்கியதும் தன் கைதான் என்று உன் அப்பா எழுதிக் கொடுத்திருக்கிறார், இன்றுவரை மாற்றவில்லை. தான் கேட்டுத்தான் செய்யப்பட்டது என்று வேல்முருகன் சொல்லப்போகிறான். செய்தது யார் என்பதை நீதான் சொல்ல வேண்டும். வேலை போகலாம், தண்டனையும் வரலாம். ஸ்டெல்லாவிடம் கல்யாணத்துக்கு முன்னாலேயே நீயே சொல்லிவிடு. அவளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். வேண்டாம் என்று அவள் சொன்னால் அதையும் தாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

உன்னைத் தனியாகக் கூண்டில் ஏறச் சொல்லவில்லை. அவர்கள் கொடுத்த புகாரில் கஞ்சி ஊற்றியதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஒரு பொம்பளை சோற்றுப் பானையால் துரத்திவிட்டாள் என்று எழுதிக் கொடுக்க அவர்களுக்குக் கூச்சமாக இருந்திருக்கும். வக்கீலும் அதைப் பற்றிப் பேச வேண்டாம் என்கிறார். நான் பேசப்போகிறேன். பார்த்துத்தான் ஊற்றினேன் என்றே சொல்லப்போகிறேன். அன்றைக்குக் கூண்டில் உன் பெயரைக் கூப்பிடுவதற்கு முன் என் பெயரைக் கூப்பிடச் சொல்லி வக்கீலிடம் கேட்டிருக்கிறேன். நான் ஏறி இறங்கி வந்து வாசலுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். அதற்குப் பிறகு நீ ஏறு.

அம்மா